பரணில் இருந்த செப்டம்பர்

பொன்னேரியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்து, நெல்வயல்கள் மெல்லக் குறைந்து உவர்மண்ணும் வேலிக்கருவையும் கண்ணில் படத் தொடங்குகிற சமயத்தில் உதட்டை நாவால் தடவிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். அந்தக் கரிப்பு ஆரம்பமாகும் பிரதேசத்தில்தான் காட்டூர் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியின் காற்று அங்கே இரும்பாலான எதையும் நெடுநாள் வாழவிடுவதில்லை. சன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் துருப்பிடித்து உதிர்வதைப் பார்த்துப் பழகிய அந்த ஜனங்கள், எந்தச் சாமானை வாங்கினாலும், அது ஒருநாள் கைவிட்டுப் போகும் என்ற ஞானத்தோடேயே வாங்குகிறவர்கள். இருந்தும், அவர்களில் ஒரு குடும்பம் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அந்த ஞானத்தைச் சற்றே மறந்துவிட்ட கதையையும், மறந்தும் தப்பித்துக்கொண்ட கதையையும் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் கொட்டிய மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, நெடுநாளாகப் பழக்கமான அந்த வீட்டுக்கு நான் போனபோது, திண்ணையில் பாய்கள் உலர்ந்துகொண்டிருந்தன. வலைகள் மதில்மேல் கிடந்தன. நடுவே ஒரு பலகையின்மேல், பக்கத் தகடு கழற்றப்பட்ட நிலையில், கம்ப்யூட்டரின் பெட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்ததாம். ஆனால் அந்தப் பெட்டி தரையில் இருந்தது. ஹார்டு டிஸ்க் பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. கணுக்கால் தண்ணீர் மனிதனை ஒன்றும் செய்யாது; கீழே வைத்த யந்திரத்துக்கு அதுவே பிரளயம்.

“பொட்டி தொறக்கவே மாட்டேங்குது சார், உள்ளே சேறு பூந்துட்டுது,” என்றாள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள்.

“போனா போவுது பாப்பா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்,” என்றார் தகப்பனார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“பொட்டியை வாங்கலாம் நைனா. உள்ளே இருக்கிறதை எந்தக் கடையில வாங்குவே?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. உள்ளே இருந்தவை இன்னின்னவென்று அவள் விரல்விட்டு எண்ணினாள்: தாயார் கணக்குப் பார்க்கிற மகளிர் சுய உதவிக் குழுவின் வாராந்தர வரவு செலவு, அண்ணன் கல்யாணப் புகைப்படங்கள், அவளுடைய பாடக் குறிப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று வருஷங்களுக்கு முன் காலமான பாட்டி, வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் ஏரித் தண்ணீர் எப்படி எப்படி நிறம் மாறும் என்று சொல்லிக்கொண்டே போகிற நாற்பது நிமிஷக் குரல். அப்போது அடுக்களையிலிருந்து தாயார் எட்டிப் பார்த்து, “நீ விநாயக சதுர்த்திக்கு ஏதோ எடுத்து வச்சியே, கறுப்பு டப்பா, அதைப் பரண்மேல டிரங்குப் பொட்டியில போட்டு வச்சேன். அது எதுக்கும் ஆவாதா?” என்று கேட்டாள்.

ஆகும். ஆனால் எப்படி ஆகும், எவ்வளவு ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘பேக்கப்’ என்று இன்று எல்லோரும் சொல்கிற காப்புப் பிரதியை எடுத்து வைப்பதைப் பற்றி உபதேசம் செய்வோர் அநேகர். எடுத்து வைத்த பிரதியிலிருந்து மீண்டு வருவது எப்படி என்பதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. பிரதி எடுப்பது பாதி வேலை. மீட்டெடுத்துப் பார்த்த அன்றுதான் அது பூர்த்தியாகிறது. அதுவரை அந்தக் கறுப்பு டப்பா வெறும் நம்பிக்கையே.

கோட்டை போயிற்று, கடிதம் இருக்கிறது

பிரதியின் மகிமையைக் காட்டூர்க்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் காட்டி விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஏரிக்கரையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கட்டிய கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கெல்லாம் தலைமையிடமாக விளங்கியது. 1690 வாக்கில் அந்தத் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1825இல் ஊரே ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதரும் மேடுமே மிச்சம். வாசலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய அவர்களுடைய இடுகாடு மாத்திரம் காவலோடு நிற்கிறது. ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து எழுதப்பட்ட காகிதங்களின் கதை வேறு. கடற்பிரயாணத்தில் கப்பல் மூழ்குவது சகஜமாயிருந்த காலமாகையால், முக்கியமான கடிதத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது டச்சுக் கம்பெனியின் வழக்கம். அவ்வாறு பல ஊர்களில் தங்கிய அதன் ஆவணங்கள் ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் ஆகிய இடங்களில் இன்றும் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. ஒரே இடத்தில் வைத்த கல் கரைந்தது. பல இடங்களில் வைத்த காகிதம் பிழைத்தது.

நம்முடைய ஏட்டுச் சுவடிகளின் சரித்திரமும் இதையே சொல்கிறது. பனையோலையின் ஆயுள் சில தலைமுறைகள்தான் என்பதை அறிந்த முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவதைத் தர்மமாகவே கொண்டிருந்தனர். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட முடிந்ததென்றால், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகள் எழுதிய பிரதிகள் தப்பிக் கிடந்ததும், ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்றைக் கொண்டு அவர் இட்டு நிரப்பியதுமே காரணம். எந்தப் பிரதியிலும் தப்பாத வரிகள் இன்றும் வெற்றிடமாகவே நிற்கின்றன. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சுப் புத்தகங்களுக்கு வேறிடத்தில் பிரதி கிடைத்தது, வேறிடத்தில் இல்லாத ஏடுகள் போனது போனதுதான். 2005 முதல் ஈழத் தமிழர் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தை வளர்த்து வருவதற்குப் பின்னால் அந்தச் சாம்பலின் ஞாபகம் இருக்கிறது.

யந்திரம் மறக்கும் விதங்கள்

2011 செப்டம்பரில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, இந்த மாவட்டத்தில் கம்ப்யூட்டர் இல்லாத குப்பமே இல்லை என்று சொல்லலாம். புகைப்பட ஆல்பமும் கணக்குப் புஸ்தகமும் கடிதக் கட்டும் அதற்குள் குடிபுகுந்துவிட்டன. ஆனால் அவை குடியிருக்கிற ஹார்டு டிஸ்க்கின் அமைப்பைப் பார்த்தால், இவ்வளவு நாள் அது ஓடுவதே ஆச்சரியமாகத் தோன்றும். நிமிஷத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், படிக்கிற முனை மிதந்துகொண்டே போகிறது. ஒரு தூசு போதும், அல்லது மின்சாரம் போய்ப் போய் வருகிற ஒரு ராத்திரி போதும். சுழலாத எஸ்.எஸ்.டி. வகைக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் அது போகும்போது முன்னறிவிப்பின்றிப் போகும், நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தாலும் மறதி அதற்கு வரும்.

இவற்றோடு மனிதனுடைய கைப்பிழையும் சேர்கிறது. நாம் ஒரு கோப்பை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அதன் எழுத்துக்களை உடனே துடைப்பதில்லை. இன்ன இடத்தில் இன்ன கோப்பு என்கிற அட்டவணையிலிருந்து பெயரை மட்டும் அடிக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகையால், தவறி அழித்துவிட்டோம் என்று தெரிந்த கணமே யந்திரத்தில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். எஸ்.எஸ்.டி.யிலோ பெரும்பாலும் அந்த இடமே விரைவில் துடைக்கப்பட்டுவிடுவதால், இந்தச் சலுகைக்கும் அங்கே இடமில்லை. தண்ணீரில் நனைந்த டிஸ்க்குக்கு இன்னொரு விதி உண்டு: உலர்ந்ததா என்று பார்ப்பதற்காக மின்சாரம் கொடுக்கவே கூடாது. காட்டூரில் அந்தத் தவறு நடந்துவிட்டிருந்தது. ‘டொக், டொக்’ என்று இரண்டு சத்தம் கேட்டதாம், அதோடு முடிந்தது.

ஒரு சொல், மூன்று காரியம்

‘ரீஸ்டோர்’ என்ற ஒரே வார்த்தையால் ஜனங்கள் மூன்று வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறார்கள். அனர்த்தங்களில் பாதி இந்தக் குழப்பத்தால் விளைகின்றன.

முதலாவது, ‘ரீஸ்டோர் பாயின்ட்’ என்பது. 2000ஆம் வருஷத்தில் விண்டோஸில் வந்த இந்த வசதி, யந்திரத்தை நடத்துகிற உள் அமைப்பை மட்டும் முந்தைய ஒரு நாளின் நிலைக்குக் கொண்டுபோகிறது. நேற்று ஏற்றிய ஏதோ ஒரு மென்பொருளால் திரை நீலமாகி நிற்கிறதென்றால் இது கைகொடுக்கும். உங்கள் புகைப்படங்களையும் கடிதங்களையும் இது தொடுவதில்லை. தொடுவதில்லை என்பதாலேயே, தொலைந்த புகைப்படத்தைத் திருப்பித் தரவும் இதனால் ஆகாது. அன்றியும், இது அதே டிஸ்க்கிற்குள் வாழ்வது. டிஸ்க் போனால் இதுவும் உடன்கட்டை ஏறிவிடும்.

இரண்டாவது, கோப்புகளின் பிரதி. உங்கள் ஆவணங்களும் படங்களும் வேறொரு டிஸ்க்கில் நகலாகி இருப்பதும், வேண்டிய ஒன்றை வேண்டிய தேதியிலிருந்து எடுத்துக்கொள்வதும் இதில் அடக்கம். முதல் தடவை எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அதற்குப் பின் மாறியவற்றை மாத்திரம் அவ்வப்போது சேர்த்துக்கொண்டு போவதுதான் இதன் சாமர்த்தியம்; கடைக்காரர் பேரேட்டை ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் நாள்வழியை மட்டும் குறித்துக்கொண்டு போவதைப் போல. ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் 2007இல் வந்த ‘டைம் மெஷின்’, கடந்த ஒருநாளுக்கு மணிக்கொரு பிரதியும், கடந்த மாதத்துக்கு நாளுக்கொரு பிரதியும், அதற்கும் முந்தியவற்றுக்கு வாரத்துக்கொரு பிரதியும் வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் 2012 முதல் ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற பெயரில் இதற்கு ஒப்பான ஏற்பாடு உண்டு.

மூன்றாவது, முழு டிஸ்க்கின் பிம்பம். ‘சிஸ்டம் இமேஜ்’ என்பார்கள். விண்டோஸும் அதில் ஏற்றிய மென்பொருள்களும் உங்கள் கோப்புகளும் அன்று இருந்தது இருந்தபடியே ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன. இதிலிருந்து மீட்டால் யந்திரம் அந்த நாளின் காலைப்பொழுதில் கண்விழிக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பிம்பத்தை டிஸ்க்கின்மேல் இறக்கும்போது, அங்கே இப்போது இருப்பது அத்தனையும் அழிந்து, அதன் ஸ்தானத்தில் பழையது உட்காருகிறது. பிம்பம் செப்டம்பருடையது, இன்று டிசம்பர் என்றால், இடைப்பட்ட மாதங்களின் கோப்புகள் அந்த டிஸ்க்கில் இன்னும் உயிரோடிருந்தாலும் உங்கள் கையாலேயே அவற்றை அழித்தவர்களாவீர்கள். ஆகவே, பழையதை இறக்குமுன் புதியதை வேறிடத்தில் எடுத்து வைப்பதே மீட்புச் சாஸ்திரத்தின் பிள்ளையார் சுழி. இந்த மூன்றோடு, ‘ரீசெட்’ என்றொரு பொத்தானும் அருகிலேயே இருக்கிறது. அது எந்தப் பிரதியிலிருந்தும் எதையும் மீட்பதில்லை. யந்திரத்தைப் புதிதாக வாங்கிய நிலைக்குத் திருப்புவதே அதன் வேலை. அவசரத்தில் அதை அழுத்தியோர் பலர்.

காட்டூரில் நடந்தது

பரணிலிருந்து இறங்கிய டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவே, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் சுற்றிய கறுப்பு டிஸ்க் இருந்தது. அதன்மேல் பெண் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொன்னதன்பேரில், விநாயக சதுர்த்தியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 17ஆம் தேதி, முழுப் பிம்பம் ஒன்றை எடுத்திருக்கிறாள். அதற்குப் பின் ஒன்றும் எடுக்கவில்லை.

பொன்னேரியில் ஒரு பழுது பார்க்கிற கடையில் பெட்டியைச் சுத்தம் செய்து, மின்வழங்கியை மாற்றி, புதிதாக 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். பழையதைவிட வேகமானது என்று அவளுக்குச் சந்தோஷம். இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து யந்திரத்தைக் கிளப்பி, ‘புதிதாக நிறுவு’ என்பதை விட்டுக் கீழே சிறிய எழுத்தில் இருந்த ‘பழுது நீக்கு’ என்பதைத் தேர்ந்து, கறுப்பு டிஸ்க்கைச் சொருகினோம். செப்டம்பர் 17 என்ற தேதி திரையில் தோன்றியது. அதைக் கண்டதும் தாயார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷமே, மீட்க இயலாது என்று யந்திரம் கையை விரித்தது.

காரணம் விசித்திரமானது. பழைய டிஸ்க் 500 ஜிகாபைட். அதில் நிரம்பியிருந்தது நூறுகூட இல்லை. நூறு மூட்டை நெல்லை இருநூற்று நாற்பது மூட்டை பிடிக்கிற களஞ்சியத்தில் போட என்ன தடை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் விண்டோஸின் பிம்பம் நெல்லை மட்டும் கட்டுவதன்று. களஞ்சியத்தின் சுவர் அளவையும் சேர்த்தே நினைவில் வைக்கிறது. புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாயிருந்தால், உள்ளே எவ்வளவு இருந்தாலும் ஏற்க மறுத்துவிடும். சமமானதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். இது பிரதி எடுத்த அன்று யாரும் சொல்லாத நிபந்தனை. மீட்க உட்காருகிற அன்றுதான் தெரிய வருவது.

வழி இரண்டு இருந்தன. பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி முழுவதையும் இறக்கலாம். அல்லது, சின்ன டிஸ்க்கிலேயே விண்டோஸைப் புதிதாக நிறுவி, பிம்பத்தை ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்து, வேண்டியவற்றை மாத்திரம் நகலெடுத்துக்கொள்ளலாம். பிம்பக் கோப்பை அவ்வாறு இணைத்துப் பார்க்கிற வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. புதிதாக நிறுவியதில் பழைய குப்பை வராது என்பதாலும், கையில் பணமில்லை என்பதாலும், இரண்டாவதையே பெண் விரும்பினாள். ராத்திரி எட்டரை மணிக்கு, முதலாவதாக அவள் நகலெடுத்தது கணக்கோ பாடமோ அன்று. ஒலிபெருக்கி நனைந்துபோயிருந்ததால், அண்ணனுடைய கைப்பேசியில் ஏற்றிப் போட்டாள். கொண்டல் அடித்தால் தண்ணீர் கலங்கும் என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சேவல் கூவுகிறது. “அது நம்ம பழைய சேவல்டி,” என்றார் தகப்பனார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

மீண்ட பிறகு

மீட்பு முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய நாளுக்குத் திரும்பிய யந்திரத்துக்குப் பழைய நாளின் பலவீனங்களும் திரும்பியிருக்கும். 2017 மே 12ஆம் தேதி உலகத்தை உலுக்கிய ‘வான்னாக்ரை’ என்ற தீய மென்பொருள், சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு முந்நூறு முதல் அறுநூறு டாலர் வரை கப்பம் கேட்டது. அது நுழைந்த துவாரத்தை அடைக்கிற திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மார்ச்சுக்கு முந்திய பிரதியிலிருந்து ஒருவர் மீண்டு, திருத்தத்தை ஏற்றாமல் இணையத்தைத் திறந்திருந்தால், அதே கள்ளன் அதே துவாரத்தின் வழியே மறுபடியும் வந்திருப்பான். ஆகவே மீண்டவுடன் முதற்காரியம் திருத்தங்களை ஏற்றுவது. இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டு எழுத்தில் இருக்கும், பாகங்களை மாற்றினால் 48 இலக்கங்கள் கொண்ட திறவுகோலைக் கேட்கும். அதை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைப்பது, சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். காகிதத்தில் எழுதி வைப்பதே உத்தமம்.

வான்னாக்ரை மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. அது விண்டோஸ் உள்ளுக்குள் வைத்திருந்த பழைய நிழற்பிரதிகளையும் தேடி அழித்தது. எப்போதும் சொருகியே இருக்கிற டிஸ்க், யந்திரத்துக்கு வந்த நோயைத் தானும் வாங்கிக்கொள்ளும். எடுத்ததும் கழற்றிவிடுகிற பிரதிதான் பிரதி. ‘எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது’ என்று நிம்மதியாயிருப்போரும் இதைச் சிந்திக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் நடப்பது இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்கிற ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைக்கூடையில் முப்பது நாள் இருந்து மறையும். 15 ஜிகாபைட் வரையில் இலவசம். அதுவும், இரண்டு வருஷம் தொடாத கணக்குகளை நீக்குவதற்கு அந்நிறுவனம் 2023 டிசம்பர் முதல் இடம் வகுத்துக்கொண்டிருக்கிறது. மேகக் கிடங்கு நல்ல இரண்டாம் வீடு, ஒரே வீடாகாது.

போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர்

பிரதி இருந்தும் மீட்பு பொய்த்த கதைகளுள் பிரசித்தமானது, அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தில் 1998இல் நடந்தது. ‘டாய் ஸ்டோரி 2’ என்ற சலனச்சித்திரத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஓர் அழிப்புக் கட்டளை, படத்தின் பெரும்பகுதியை எல்லோர் கண்முன்னும் காணாமற்போகச் செய்தது. பிரதி எடுத்து வைத்த நாடாக்கள் இருக்கின்றனவே என்று சென்று பார்த்தால், அவை சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை; இடையில் யாரும் மீட்டுப் பார்க்காததால் அது யாருக்கும் தெரியவில்லை. அப்போது, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் என்ற அம்மையாருக்குத் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருப்பது ஞாபகம் வந்தது. அதைப் போர்வைகளில் சுற்றி, காரில் பத்திரமாக வைத்து, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். கோடிக்கணக்கான டாலர் முதலீட்டுக்குக் காவலாயிருந்த நாடாக்கள் தோற்ற இடத்தில், தற்செயலாக ஒரு தாயின் வீட்டில் இருந்த பிரதி ஜெயித்தது. காட்டூரிலும் பரணில் ஏற்றியவள் ஒரு தாய்தான். அவளும் கம்ப்யூட்டர் சாஸ்திரம் படித்து அதைச் செய்யவில்லை. வெள்ளம் வந்தால் எது மேலே போக வேண்டும் என்று தெரிந்த பெண்களின் சுபாவத்தால் செய்தாள்.

இந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்றுவதற்குப் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் சொன்ன சுலபமான சூத்திரம் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது: பிரதிகள் மூன்று, அவை இருக்கிற சாதனங்கள் இரண்டு வகை, ஒன்றாவது வேறிடத்தில். ஏரிக்கரை வீட்டுக்கு இதை மொழிபெயர்த்தால், கம்ப்யூட்டரில் ஒன்று, கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ மேகக் கிடங்கிலோ ஒன்று என்று ஆகும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியதை நேரில் கண்டவர்களுக்கு, ‘வேறிடம்’ என்றால் அடுத்த அறை என்று பொருளாகாது என்பதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் காற்றில் சொருகுமுனைகள் களிம்பேறும் என்பதால், மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு டிஸ்க்கை வைப்பது நலம். பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு புகைப்படத்தையாவது பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். கடலுக்குப் போகிறவர் எவரும் பரணில் கிடக்கிற வலையைப் பிரித்துப் பாராமல் படகில் ஏற்றுவதில்லை.

இடைப்பட்ட பதினோரு வாரம்

செப்டம்பர் 17க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே பதினோரு வாரங்கள். பரணில் இருந்தது செப்டம்பர்; அதற்குப் பின் நடந்தது அதற்குத் தெரியாது. பெண்ணின் பாடக் குறிப்புகளில் அந்தப் பகுதி போயே போய்விட்டது; தோழியிடம் வாங்கி எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். குழுக் கணக்குக்கு என்ன செய்வது என்று அவள் கவலைப்பட்டபோது, தாயார் அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து போட்டாள். வாரந்தோறும் வசூலானதை முதலில் அதில்தான் எழுதுவாளாம்; மகள் அதைப் பார்த்து அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வழக்கம்.

“நான் அதை எழுதாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்,” என்று மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அம்மா வாசிக்க வாசிக்க, பதினோரு வாரத்துக் கணக்கையும் அவள் தட்டெழுதினாள். நான் புறப்படும்போது ராத்திரி பத்து மணி. புதிதாக எடுத்த பிரதியின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, கம்ப்யூட்டரின் தேதியைப் பார்க்காமல் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்து, பேனாவால் தேதி எழுதினாள். அதற்குக் கீழே, அடுத்து திறந்து பார்க்க வேண்டிய தேதியையும் எழுதினாள்: பங்குனி முதல் நாள். மறுநாள் காலை முதல் பேருந்தில் அதைப் பொன்னேரி அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. செப்டம்பர் டிஸ்க்கைத் தாயார் மறுபடியும் உறைகளில் சுற்றி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.